ஒரு வாசனைக்கு இரண்டு விலை

(பெங்களூரு அல்சூரில், ஞாயிறு மாலை நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சுக்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. உங்கள் ஒவ்வொருவர் கைக்கும் இரண்டு காகித நாடாக்கள் வந்திருக்கும். நுனியில் பென்சிலால் 1 என்றும் 2 என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் இருப்பது சந்தன வாசனைதான். ஒன்று, மரத்தை வடித்து எடுத்த எண்ணெய். இன்னொன்று, சந்தன மரத்தின் நிழலைக்கூடப் பார்த்திராத கூட்டு. ஆய்வுக்கூடத்தில் பிறந்த நாலைந்து பொருள்களைக் கலந்து நானே செய்தது. விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நாடாவை மூக்கில் ஒட்டாமல் ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்து முகருங்கள். எது எது என்று மனத்துக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள். வாசனை விஷயத்தில் ஒருவர் வாயிலிருந்து வரும் சொல், அடுத்தவர் மூக்கையும் தன் பக்கம் இழுத்துவிடும். பிறகு இரண்டையும் ஒன்றோடொன்று படாமல் வைத்துவிடுங்கள். கூட்டம் முடியும்போது மறுபடி எடுப்போம்.

நான் 31 ஆண்டுகள் மைசூர் ரோட்டை ஒட்டிய ஓர் ஊதுபத்திக் கம்பெனியில் காம்பவுண்ட் கலக்கிய ஆள். கரித்தூளையும் ஜிகட் என்ற பசைத்தூளையும் பிசைந்து மூங்கில் குச்சியில் உருட்டிய பத்திக்குத் தனி வாசனை கிடையாது; அதை ‘ரா பத்தி’ என்போம். இந்த ஊரில் எத்தனையோ சந்துகளில், வாசற்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, நம் தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் அதை உருட்டிக் கொடுத்தார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கறுப்புப் பத்தியை நனைத்து மல்லிகையாகவும் ரோஜாவாகவும் மாற்றுகிற எண்ணெய்க் கூட்டுத்தான் காம்பவுண்ட்.

எங்கள் தொழிலில் ‘மேட்சிங்’ என்று ஒரு சொல் உண்டு. வியாபாரி ஒருவர் வருவார். சட்டைப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேசை மேல் வைப்பார். “சார், இதே வாசனை வேணும். கிலோ இவ்வளவுக்குள்ள முடிச்சுக் கொடுங்க” என்பார். குப்பிக்குள் பிரெஞ்சு நாட்டுச் சென்ட் இருக்கும், சில சமயம் துபாயிலிருந்து வந்த அத்தர் இருக்கும். நாடாவில் ஒரு சொட்டு விட்டு, உடனே ஒரு தடவை, பத்து நிமிடம் கழித்து ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை என்று முகர்வேன். முதலில் பறந்துபோவது என்ன, நடுவில் நிற்பது என்ன, கடைசியில் காகிதத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடப்பது என்ன என்று நோட்டில் எழுதுவேன். பிறகு எங்கள் அலமாரியில் இருக்கும் சரக்கை வைத்து, அவர் சொன்ன விலைக்குள் அதே உருவத்தைக் கட்டுவேன். ஆகவே, அசலுக்கும் நகலுக்கும் நடுவில் எதை வாங்குவது என்று என்னைக் கேட்கிறவர்கள், வாழ்நாள் முழுக்க நகல் செய்த ஒருவனைத்தான் கேட்கிறார்கள். அந்த வேலையை நான் மதிப்போடு செய்தேன். நாலு ரூபாய்ப் பத்தியைக் கொளுத்திக் கும்பிடுகிற வீட்டுக்கும் நல்ல மணம் போய்ச் சேரவேண்டும் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

போன வருஷம் என் அக்கா மகன் வந்தான். ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை. “மாமா, போனஸ் வந்திருக்கு. க்ரீட் அவெண்டஸ் வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆபீஸ்ல எல்லாரும் ஆர்மாஃப் வாங்குடா, அதே வாசனை, பத்துல ஒரு பங்கு காசுன்னு சொல்றாங்க. வாங்கினா ஃபர்ஸ்ட் காப்பி போட்டவன்னு நெனைப்பாங்களோன்னு இருக்கு” என்றான். க்ரீட் நிறுவனத்தின் சென்ட்டான அவெண்டஸ் 2010-இல் வந்தது. அன்னாசி, கறுப்புத் திராட்சை போன்ற ஒரு பழ வாடை, கருகிய பிர்ச் மரத்துப் புகை, அடியில் கஸ்தூரி. அதன் சாயலில், துபாயைச் சேர்ந்த ஸ்டெர்லிங் நிறுவனம் ஆர்மாஃப் என்ற பெயரில் விற்கும் கிளப் டி நூயி இன்டென்ஸ் 2015-இல் வந்தது. உலகம் முழுக்க இளைஞர்கள் இந்த இரண்டையும் வைத்துத்தான் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

பேசிப் பயனில்லை, முகர்ந்துவிடுவோம் என்றேன். முழுக் குப்பி வாங்காமல் 3 மில்லி, 5 மில்லி என்று சிறு குப்பியில் பிரித்துக் கொடுக்கிற ஆட்கள் இப்போது இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு அவனுடைய இடது மணிக்கட்டில் அவெண்டஸ், வலது மணிக்கட்டில் ஆர்மாஃப். தேய்க்காதே என்று சொல்லிவிட்டேன். நடுவராக என் அம்மா, வயது 84. எந்தக் கையில் எது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை.

வலது கையை முகர்ந்ததும் அம்மா தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். “எலுமிச்சந்தோலைக் கண்ணுக்கு நேரா பிதுக்கினாப்ல இருக்கு” என்றார்கள். இடது கையை முகர்ந்து, இன்னொரு தடவை முகர்ந்து, “இது பழம்” என்றார்கள். அவ்வளவுதான். அரை மணி கழித்து வலது கையின் எலுமிச்சைக் காரம் அடங்கிவிட்டது. பகல் ஒரு மணிக்கு, சாப்பாட்டுக்கு உட்காரும்முன், இரண்டு கையையும் மாற்றி மாற்றி முகர்ந்து, “ரெண்டும் ஒண்ணுதான்டா, என்னை ஏமாத்துறியா?” என்றார்கள். இரவு 9 மணிக்கு இடது கையில் வாசனை தேடவேண்டியிருந்தது. வலது கையில் இன்னும் நன்றாகவே இருந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்த இரண்டு குப்பிக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி முதல் பதினைந்து இருபது நிமிடத்தில் கிடக்கிறது. மேலே எழும்பி முதலில் பறந்துபோகிற பொருள்களில்தான் இயற்கை எண்ணெய்கள் அதிகம்: பெர்கமாட், எலுமிச்சை இனங்கள், பழ வாடைக்கு உருண்டு திரண்ட வடிவம் தருகிற நுண்ணிய சேர்மானங்கள். இன்றைக்கு வாசனையைப் பிரித்துப் பார்க்கக் கருவி வந்துவிட்டது. ஒரு சொட்டை வாயுவாக்கி நீண்ட குழாய்க்குள் ஓடவிட்டு, ஒவ்வொரு பொருளும் வெளியே வரும் நேரத்தையும் எடையையும் வைத்து, இது இன்னது, இது இவ்வளவு என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும். நான் மூன்று வாரம் மூக்கால் தேடியதை அந்தக் கருவி ஒரு மணி நேரத்தில் எழுதிவிடும். ஆனால் ரோஜா எண்ணெய் போன்ற இயற்கைப் பொருளுக்குள் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் உண்டு. அவற்றில் துளியினும் துளியாக இருப்பது சில சமயம் வாசனையின் உயிராக இருக்கும். பெரிய நிறுவனங்கள் வெளியே விற்காமல் தங்களுக்கென்றே வைத்துக்கொள்ளும் மூலக்கூறுகளும் உண்டு. கருவி அவற்றைக் காட்டினாலும் சந்தையில் வாங்க முடியாது. நகல் தடுமாறுவது இந்த இடங்களில்தான். அடித்தளத்தில் இருக்கும் கஸ்தூரியும் மர வாசனையும் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே கடைச் சரக்கு. அதனால்தான் பகல் ஒரு மணிக்கு அம்மாவுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டன. விலை குறைந்தது கூடுதல் நேரம் நின்றதும் அதிசயம் இல்லை. நின்று உழைக்கிற செயற்கைப் பொருளைத் தாராளமாக ஊற்றினால் நிற்கத்தான் செய்யும்.

மீதிப் பணம் எங்கே போகிறது? கண்ணாடிக் குப்பி, அட்டைப் பெட்டி, விளம்பரத்தில் நடக்கும் நடிகர், விட்டல் மல்லையா ரோட்டில் யூபி சிட்டிக் கடைக்கு வாடகை, சுங்க வரி, ஜிஎஸ்டி. உள்ளே இருக்கும் வாசனைக் கூட்டு, குப்பியின் விலையில் சிறு பங்குதான். அப்படியென்றால் அந்த விலை ஏமாற்றா என்று கேட்டால், அப்படிச் சொல்ல மாட்டேன். புதிதாக ஒரு வாசனையைக் கண்டுபிடிப்பவர் நூறு தடவை கலந்து தொண்ணூற்றொன்பதைக் கீழே ஊற்றுகிறார். என்னைப் போன்ற மேட்சிங்காரனுக்கு அந்தச் செலவு இல்லை. அவர் வெட்டிய வழியில்தான் நான் நடந்தேன். அவருக்கு அதற்குரிய கூலி போய்ச் சேரவேண்டும் என்று விரும்பி ஒருவர் கூடுதல் விலை கொடுத்தால், அது நல்ல செலவு.

ஆனால் ‘அசலில் எல்லாம் பூ, நகலில் எல்லாம் கெமிக்கல்’ என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். நவீன சென்ட் என்ற கலையே செயற்கைப் பொருளோடு பிறந்ததுதான். 1882-இல் ஹூபிகன் நிறுவனம் வெளியிட்ட ஃபூஜேர் ராயாலில் ஆய்வுக்கூடத்துக் கூமரின் இருந்தது. 1921-இல் எர்னஸ்ட் போ கலந்த ஷனெல் நம்பர் 5-இன் பெருமையே அதிலுள்ள ஆல்டிஹைடுகள்தான். கஸ்தூரிக்காக மானைக் கொல்லாமல் இருக்கிறோம் என்றால் அதற்குக் காரணம் செயற்கைக் கஸ்தூரி. அம்பர்கிரிஸ் என்ற பெயரைத் தூத்துக்குடிப் பக்கத்துக் கடத்தல் செய்திகளில் படித்திருப்பீர்கள். பத்திரிகைகள் திமிங்கில வாந்தி என்று எழுதும். இந்தியாவில் அதை விற்பது குற்றம். அதன் வாசனையை, சேஜ் இனச் செடி ஒன்றிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டு அம்ப்ராக்சன் என்று செய்கிறார்கள். முப்பதாயிரம் ரூபாய்க் குப்பியிலும் அது இருக்கிறது, முந்நூறு ரூபாய்க் குப்பியிலும் இருக்கிறது.

அசல் என்பதும் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஓக் மரத்துப் பாசியிலுள்ள சில பொருள்கள், லைரல், லிலியால் என்ற செயற்கைப் பொருள்கள் என்று ஒவ்வொன்றாக ஐரோப்பிய ஒன்றியம் தோல் ஒவ்வாமை முதலிய காரணங்களுக்காக விலக்கிக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு தடவையும் பழைய சென்ட்டுகளின் செய்முறையை மாற்றித்தான் ஆகவேண்டும். பழைய செய்முறையில் கலந்த சென்ட்டுகளைப் பாதுகாக்கவே பாரிஸ் பக்கத்தில் வெர்சாய் நகரில் 1990-இல் ஒஸ்மோதெக் என்ற காப்பகத்தைத் திறந்தார்கள். பாட்டி போட்ட சென்ட்டின் பெயரில் பேத்தி இன்று வாங்குவது, அந்தக் கம்பெனியே செய்த மேட்சிங்.

பூவே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. இருக்கிறது, அதுவும் நம் பூ. சத்தியமங்கலம், கோயம்புத்தூர், மதுரைப் பக்கத்து மல்லிகையும் ஜாதிமல்லியும் உலகத்தின் பெரிய சென்ட் வீடுகளுக்குப் போகின்றன. விடியும் முன் பறித்த ஆயிரம் கிலோ ஜாதிமல்லியை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து எடுத்தால் ஏறக்குறைய மூன்று கிலோ மெழுகுபோல ஒரு பொருள் கிடைக்கும். அதைக் காங்கிரீட் என்பார்கள். மெழுகை நீக்கினால் அதில் பாதிதான் மிஞ்சும். அந்த ஒன்றரைக் கிலோவுக்குப் பின்னால் லட்சக்கணக்கான பூக்கள், அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கிள்ளிய விரல்கள். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உயர்ந்த விலைச் சென்ட் ஒன்றில் உண்மையாகவே இந்த மல்லிகை இருந்தால், அந்தத் துளிக்குக் கொடுக்கும் பணத்தை நான் ஆடம்பரம் என்று சொல்லமாட்டேன். பூ பறிக்கிறவளுக்கு அதில் எவ்வளவு போகிறது என்பது வேறு கேள்வி. அதை இன்னும் உரக்கக் கேட்கவேண்டும்.

இனி, என் அக்கா மகன் சொன்ன ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இங்கேதான் நம்மவர்கள் இரண்டு வேறு காரியங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு வாசனையின் சாயலில் இன்னொன்றைச் செய்து சொந்தப் பெயரில் விற்பது ஒரு காரியம். அடுத்தவன் பெயரையும் பெட்டியையும் அச்சடித்து அதற்குள் எதையோ ஊற்றி விற்பது இன்னொரு காரியம். முதலாவது தொழில், இரண்டாவது திருட்டு.

சட்டமும் பெரும்பாலும் இந்தக் கோட்டின் பக்கத்தில்தான் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ‘செகண்ட் சான்ஸ்’ என்று ஒரு சென்ட் வந்தது. 25 டாலருக்கு விற்கும் ஷனெல் நம்பர் 5-க்கும் 7 டாலருக்கு விற்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்பது போல விளம்பரம். 1968-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், காப்புரிமை இல்லாத வாசனையை யாரும் செய்யலாம், எதன் சாயல் என்று பெயர் சொல்லியும் விற்கலாம், பொய் மட்டும் சொல்லக் கூடாது என்றது. வழக்கு திரும்பிக் கீழே போனபோது இரண்டையும் வேதியியல் முறையில் ஆராய்ந்தார்கள். இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்தது. ‘அதேதான்’ என்று சொல்லும் உரிமை போயிற்று. சாயல் என்றால் விடலாம், அதே என்றால் நிரூபிக்கவேண்டும். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. ஐரோப்பா இன்னும் கறார். லோரியல் நிறுவனம் தொடுத்த வழக்கில், எங்கள் இந்தக் குப்பி உங்கள் அந்தக் குப்பி மாதிரி என்று ஒப்பீட்டுப் பட்டியல் கொடுப்பதே அடுத்தவர் புகழில் குளிர்காய்வது என்று 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் லான்கோம் நிறுவனத்தின் ட்ரெசோர் சென்ட்டுக்கு ஒரு நூலுக்குப் போலப் பதிப்புரிமை உண்டு என்றது 2006 ஜூன் மாதத்தில். அதே மாதத்தில் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் சென்ட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது என்றது. சென்ட்டின் தாய்நாடே அப்படிச் சொன்னது! நம் நாட்டில் 2025 நவம்பரில், டயரில் ஏற்றிய ரோஜா வாசனையை வணிகக் குறியாகப் பதிய ஒரு ஜப்பானிய நிறுவனம் கேட்ட விண்ணப்பத்தை வெளியிட ஏற்றிருக்கிறார்கள். டயருக்கு ரோஜா வாசனை அடையாளம் ஆகலாம். சென்ட்டுக்கு வாசனைதான் சரக்கே; அதை ஒருவருக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்தால் அடுத்தவர் விற்க என்ன இருக்கும்?

திருட்டு என்று சொன்னதற்கு நம் ஊர்ப் பொருளையே உதாரணம் காட்டுகிறேன். 2024 ஜனவரியில் ஹைதராபாத் மலக்பேட்டையில் போலி மைசூர் சாண்டல் சோப்பு செய்த கூடத்தைப் பிடித்தார்கள். கைப்பற்றிய சரக்கின் மதிப்பு ஏறக்குறைய 2 கோடி ரூபாய். சோப்பு மட்டும் இல்லை, அட்டைப் பெட்டிகளும் சேர்த்து. அந்தப் பெட்டியில் யானைத் தலையும் சிங்க உடலுமாக நிற்கிற சரபம் அப்படியே இருந்திருக்கும். அதை வாங்கிக் குழந்தைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டிய தாய்க்கு உள்ளே என்ன இருந்தது என்று யார் சொல்லுவார்கள்? கோபம் வருகிறது எனக்கு.

அந்த சரபத்தின் கதையை இந்த ஊரில் நின்றுகொண்டு சொல்லாமல் போக முடியாது. முதல் உலகப் போருக்கு முன்னால் மைசூர்ச் சந்தனக் கட்டை ஐரோப்பாவுக்குப் போய், அங்கே வடிக்கப்பட்டு எண்ணெய் ஆனது. போர் வந்தது, கப்பல் நின்றது, கட்டை இங்கேயே குவிந்தது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மன்னர், விசுவேசுவரய்யா திவான். இங்கேயே வடித்தால் என்ன என்று கேட்டு, நம் இந்திய அறிவியல் கழகத்து வேதியியலாளர்களின் துணையோடு 1916-இல் பெங்களூருவில் வடிசாலை வைத்தார்கள். மறு ஆண்டு மைசூரில் இன்னொன்று. எண்ணெய் வந்த கையோடு சோப்பு. சோசலே கரளபுரி சாஸ்திரி என்ற வேதியியலாளரை இங்கிலாந்துக்கு அனுப்பிச் சோப்பும் வாசனையும் கற்றுவரச் செய்தார்கள். கப்பன் பூங்கா பக்கத்தில் தொழிற்சாலை. செங்கற்கட்டி போலிருந்த சோப்பு உலகத்தில் அவர் முட்டை வடிவத்தில் ஒன்று செய்து, நகைப் பெட்டி போன்ற பெட்டிக்குள் வைத்தார். இன்றைக்கு யஷ்வந்த்பூர் பக்கத்தில் மெட்ரோவில் போனால் சாண்டல் சோப் ஃபேக்டரி என்றே ஒரு நிலையம் இருக்கிறது.

சாஸ்திரி செய்த காரியத்தைத் தொழில்காரன் கண்ணால் பாருங்கள். சந்தன எண்ணெய் அன்றைக்கும் விலை உயர்ந்தது. சோப்போ சாதாரண மக்கள் வாங்கவேண்டியது. அந்தச் சோப்பில் அசல் சந்தன எண்ணெய் உண்டு. அதற்குத் துணையாகப் பச்சோலி, வெட்டிவேர், ஆரஞ்சு, ஜெரேனியம் என்று விலை குறைந்த எண்ணெய்களும் உண்டு. வெட்டிவேர் சந்தனத்தின் மண் வாசனையைத் தாங்கிப் பிடிக்கும், ஜெரேனியம் மேலே தூக்கிக் காட்டும். கொஞ்சம் சந்தனம் நிறைய சந்தனமாகத் தெரியும். பெட்டியின் மேல் எழுதியிருப்பது பொய்யாகவும் ஆகாது. ஆடம்பரத்துக்கும் நகலுக்கும் நடுவே இப்படி ஒரு வழியை 100 ஆண்டுக்கு முன்னால் இந்த ஊரில் கண்டுபிடித்தார்கள். அதே நிறுவனம் 2012-இல் சந்தன எண்ணெயைக் கூட்டி, மில்லெனியம் என்ற பெயரில் ஒரு சோப்பை 720 ரூபாய்க்கு விட்டது. ஒரே வீட்டிலிருந்து இரண்டு விலை. எதில் எவ்வளவு என்று தெரிந்து வாங்கலாம். என் அம்மா சாதாரணச் சோப்புதான் வாங்குவார்கள். சோப்பு தீர்ந்தாலும் உறையை எறியமாட்டார்கள். பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் அந்த உறைகள் இருக்கும். தீபாவளிக்குப் புடவையை உதறும்போது மஞ்சளாய் ஓர் உறை கீழே விழும். மாதங்கள் கழித்தும் அதில் சந்தனம் இருக்கும்.

எண்ணெய் ஏன் விலை உயர்ந்தது என்றால், காலம். சந்தனம் தன் வேரைப் பக்கத்துச் செடியின் வேருக்குள் விட்டு உணவு வாங்கி வளரும் மரம். நடுவே வைரம் பாய்வதற்கே பத்துப் பதினைந்து வருஷம், நல்ல எண்ணெய்க்கு முப்பது வருஷத்துக்கு மேல். திப்பு சுல்தான் 1792-இல் அதை அரச மரம் என்று அறிவித்தார். தன் நிலத்தில் முளைத்தாலும் உழவனுக்குச் சொந்தமில்லை என்ற நிலை நம் காலம் வரை நீடித்து, இருபது இருபத்தைந்து வருஷத்துக்கு முன்புதான் கர்நாடகமும் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தின. சொந்தமில்லாத மரத்தை யார் காப்பாற்றுவார்கள்? நடுவில் 1899-இல் குடகில் முதலில் கண்ட ஸ்பைக் நோய். இலை சிறுத்து மரம் காய்ந்துவிடும். பிறகு கடத்தல். அந்த மரத்தின் பெயரையே அடைமொழியாகச் சுமந்த ஒருவரை இரண்டு மாநிலக் காவல்துறையும் 2004 வரை காட்டில் தேடின. இன்று சந்தனம் அழியும் ஆபத்துள்ள மரங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குனனுராவில் நம் சந்தன இனத்தையே தோட்டம் போட்டு வளர்க்கிறார்கள்.

நல்ல சந்தன எண்ணெயில் ஆல்ஃபா சாண்டலால் 41 முதல் 55 விழுக்காடு, பீட்டா சாண்டலால் 16 முதல் 24 விழுக்காடு இருக்கவேண்டும் என்பது பன்னாட்டுத் தரம். அந்த மூலக்கூறுகளை ஆய்வுக்கூடத்தில் கட்டுப்படியான விலைக்குக் கட்டுவது கடினம். அதனால் வேதியியலாளர்கள் வேறு வடிவம் கொண்ட, ஆனால் மூக்குக்குச் சந்தனமாகத் தெரிகிற பொருள்களைக் கண்டுபிடித்தார்கள். சாண்டலோர், பாலிசாண்டால், ஜாவனால். கடைசியில் சொன்னது துளியினும் துளி போதும், அறையே நிறையும். உங்களிடம் உள்ள இரண்டு நாடாவில் ஒன்றில் இருப்பது இவர்கள்தான். இவர்கள் இல்லாமல் உலகத்தின் சோப்பு, பத்தி, சென்ட் அத்தனைக்கும் மரத்தை வெட்டியிருந்தால் ஜவ்வாது மலையில் விறகுக்குக்கூடச் சந்தனம் மிஞ்சியிருக்காது. அதற்காக நான் அவர்களுக்கு நன்றி சொல்கிறேன்.

ஆனால் அதைச் சுத்தச் சந்தன எண்ணெய் என்று விற்றால்? எனக்கே நடந்தது. என் மகள் கல்யாணத்துக்கு ஒரு கடையில் 10 மில்லி வாங்கினேன். கல்யாண அலைச்சல், சளி. மூக்கை நம்பாமல் கடைக்காரர் வார்த்தையை நம்பினேன். மூன்றாம் நாள் நாடாவை எடுத்தால் வாசனையே இல்லை, எண்ணெய்க் கறைதான் இருந்தது. வாசனையில்லாத கரைப்பானில் கொஞ்சம் செயற்கைச் சந்தனம். அதையே ‘சந்தன வாசனை, 100 ரூபாய்’ என்று எழுதி விற்றிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். கன்னோஜிலும் இதே கதைதான்: சந்தன எண்ணெய்க்குள் பூவை வடித்து அத்தர் செய்த ஊரில் இப்போது பல பட்டறைகளில் அடிப்பொருள் லிக்விட் பாரஃபின். சொல்லிவிட்டு விற்கிறவரும் இருக்கிறார், சொல்லாமல் விற்கிறவரும் இருக்கிறார்.

சிவாஜிநகரிலும் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலும் அத்தர்க் கடைகளில் அலுமினியக் குப்பியிலிருந்து உருளை வைத்த சிறு குப்பிக்கு ஊற்றிக் கொடுப்பார்கள். நல்ல கடைக்காரர், “இது அதோட டைப், அது இல்லை” என்று வாய்விட்டுச் சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரிடம் போகலாம். அடைத்த குப்பி வாங்கினால் செய்தவர் பெயர், முகவரி, தொகுதி எண், உற்பத்தி உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். நம் சட்டம் அதைக் கேட்கிறது. தோலில் போடுவது அது. முழங்கை மடிப்பில் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடையில் நாடாவை முகர்ந்த அந்த நிமிடமே பணத்தை எடுக்காதீர்கள். அப்போது உங்கள் மூக்கில் இருப்பதில் பாதி ஆல்கஹால். வெளியே போய் ஒரு காப்பி குடித்து, ஒரு மணி நேரம் கழித்து முகருங்கள். சென்னையில் சொந்தக்காரருக்கு வாங்குகிறீர்கள் என்றால் இன்னும் கவனம்: இந்த ஊர்க் குளிரில் அடக்கமாக இருக்கும் வாசனை அங்கே மே மாத வெயிலில் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

என் அக்கா மகனுக்கு நான் சொன்னது இதுதான். ஆபீசுக்குத் தினம் போட ஆர்மாஃப் வாங்கு. யாராவது கேட்டால் பெயரைச் சொல். அந்த முதல் இருபது நிமிடத்துக்காக மனம் ஏங்கினால் அவெண்டஸில் 5 மில்லி வாங்கி வைத்துக்கொள், பிடித்த நாளில் போடு. நடைபாதையில் பெட்டியோடு 2,000 ரூபாய்க்கு வரும் அவெண்டஸைத் தொடாதே. அவன் ஆர்மாஃப் வாங்கினான். மிச்சப் பணத்தில் பாட்டிக்கு அரசு விற்பனை நிலையத்திலிருந்து சந்தன எண்ணெய் 5 கிராம். அம்மா அதைத் திறந்து முகர்ந்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “உன் தாத்தா செத்தப்ப கடைசியா வாங்கினது” என்றார்கள். வீட்டில் எல்லாரும் சும்மா இருந்தோம். அதற்கப்புறம் அவர்கள் அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

சரி, நாடாக்களை எடுங்கள். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. முதலில் 1, கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு 2. மூக்கு மரத்துவிட்டது போலிருந்தால் உங்கள் சட்டைத் தோளை முகர்ந்துவிட்டு மறுபடி முகருங்கள். முதலில் நினைத்ததை மாற்றிக்கொண்டவர்கள் கையைத் தூக்குங்கள். பாதிக்கு மேல் இருக்கும் போலிருக்கிறதே! விடையை இப்போது சொல்லப்போவதில்லை. இரண்டையும் தனித்தனியாகத் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள், நாளைக் காலை பல் துலக்கியதும் ஒரு தடவை முகருங்கள். விடை எழுதி ஒட்டிய உறையை வாசலில் ஆளுக்கொன்றாகத் தருவார்கள். அதற்கப்புறம் பிரியுங்கள்.